வடகோடிக்கு ஒரு மாற்றல்



மாற்றல் கடிதம் என்றால் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டும். பிள்ளைகளைப் புதுப் பள்ளியில் சேர்க்க வேண்டும். கடைக்காரர் கணக்கைத் தீர்க்க வேண்டும். ஆனாலும், கெடாவிலிருந்து ஜொகூருக்கே தூக்கிப் போட்டாலும் வானம் மாறிவிடாது. அதே வெயில், அதே மழை. போய் இறங்கிய மறுநாளே கைலியைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்காரலாம்.

வானமும் மண்ணும், மூச்சுவிடும் காற்றும்கூட மாறிப்போகிற ஒரு மாற்றலைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். அமெரிக்க இராணுவத்தில் ஒரு சிப்பாய். ஜார்ஜியா, டெக்சஸ் போன்ற வெப்பமான தென்மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் அவருக்கு உத்தரவு வருகிறது: அலாஸ்காவுக்குப் போக வேண்டும், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு போகலாம். அங்கே உடம்பும் மனமும் கெடாமல் இருக்க அவரும் அவர் குடும்பமும் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது?

முதலில் இடத்தைப் பார்ப்போம். வட அமெரிக்கப் படத்தின் இடது பக்க உச்சியில், தனியாக ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரிவதுதான் அலாஸ்கா. 1867-ஆம் ஆண்டு ரஷ்யாவிடமிருந்து 72 இலட்சம் டாலருக்கு அமெரிக்கா அதை விலைக்கு வாங்கியது. 1959-இல் அது 49-ஆவது மாநிலமாயிற்று. மற்ற மாநிலங்களுக்கும் அதற்கும் இடையில் கனடா நாடு படுத்துக் கிடக்கிறது. அதனால், சொந்த நாட்டுக்குள்ளேயே மாற்றல் என்றாலும், இராணுவம் அலாஸ்காவை வெளிநாட்டுப் பணியிடம் போலவே கணக்கு வைக்கிறது. விலைவாசிக்காகத் தனிப்படியும் கொடுக்கிறது. அலாஸ்காவின் நடுப்பகுதியில் இருக்கும் ஊர் ஃபேர்பேங்க்ஸ். ஊரை ஒட்டினாற்போல் ஃபோர்ட் வெயின்ரைட் என்ற தரைப்படை முகாம்; தென்கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் ஐல்சன் விமானப்படைத் தளம்.

அங்கே குளிர் எவ்வளவு? நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி அளந்த 7.8 டிகிரி செல்சியஸ். தண்ணீர் பூஜ்யத்தில் உறையும். மீன், கோழி வைக்கும் உறைபெட்டிக்குள் இருப்பது பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. ஃபேர்பேங்க்ஸில் ஜனவரி மாதத்துச் சராசரி அதைவிடவும் கீழே இருக்கிறது. அதாவது அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் உறைபெட்டியைத் திறந்தால், வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்! பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி போவதும் அந்த ஊருக்குப் புதிதல்ல. 1934 ஜனவரியில் 54 டிகிரி வரை இறங்கியது. அலாஸ்காவிலேயே மிகக் கடுமையான குளிர் 1971 ஜனவரி 23-இல் பிராஸ்பெக்ட் கிரீக் என்ற இடத்தில் பதிவானது: பூஜ்யத்துக்குக் கீழே 62 டிகிரி.

பள்ளிப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு செய்தி. செல்சியஸ், பாரன்ஹீட் என்ற இரண்டு அளவுகளும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது பூஜ்யத்துக்குக் கீழே 40. அந்தக் குளிருக்குச் சற்று முன்பே பாதரசம் உறைந்து போகும். ஆகையால் பாதரச வெப்பமானி அங்கே உதவாது. சாராயம் அடைத்த வெப்பமானிதான் வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில் படைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பூகோள உருண்டையை எடுத்து, வடதுருவம் கண்ணுக்கு நேரே வரும்படி திருப்பிப் பாருங்கள். ஆசியாவும் ஐரோப்பாவும் அமெரிக்காவும் வடக்கே கிட்டக்கிட்ட வந்துவிடும். அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் பெரிங் நீரிணை. அதன் குறுகலான இடம் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. 1942 ஜூன் மாதம் ஜப்பானியப் படை அலாஸ்காவைச் சேர்ந்த அட்டு, கிஸ்கா என்ற இரண்டு தீவுகளைப் பிடித்துக்கொண்டது. அதற்குச் சற்று முன்னதாகத்தான் ஃபேர்பேங்க்ஸில் லாட் ஃபீல்ட் என்ற விமானத்தளம் எழும்பியிருந்தது. கடுங்குளிரில் விமானம் எப்படி ஓடுகிறது என்று சோதிப்பதே அதன் முதல் நோக்கம். போர் முற்றியபோது, ஏறக்குறைய 8,000 அமெரிக்க விமானங்கள் அங்கே ரஷ்ய விமானிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டுச் சைபீரியா வழியாகப் போர்முனைக்குப் பறந்தன.

அந்த லாட் ஃபீல்ட்தான் 1961-இல் ஃபோர்ட் வெயின்ரைட் ஆயிற்று. இந்தப் பெயரில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஜெனரல் வெயின்ரைட் 1942 மே மாதம் பிலிப்பைன்ஸில் ஜப்பானியரிடம் சரணடைந்தவர். அதே ஆண்டு பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரில் சரணடைந்தவர் ஜெனரல் பெர்சிவல். இருவரும் மஞ்சூரியாவில் போர்க்கைதிகளாக வைக்கப்பட்டிருந்தார்கள். 1945 செப்டம்பர் 2-இல் டோக்கியோ விரிகுடாவில், மிசௌரி என்ற போர்க்கப்பலில் ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டபோது, ஜெனரல் மெக்கார்தரின் முதுகுக்குப் பின்னால் மெலிந்து நின்றவர்கள் இவர்கள் இருவரும்தான். ஜப்பான்காரன் காலத்தைப் பார்த்த பெரியவர்களிடம் கதை கேட்டு வளர்ந்த வீடுகளில் அந்தப் படத்தைக் கண்டவர்கள் இருக்கலாம்.

அலாஸ்காவுக்குப் போகும் சிப்பாய் இன்று விமானத்திலும் போகலாம். தன் காரிலேயே கனடா வழியாகவும் போகலாம். அந்தச் சாலை உண்டான கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1942-க்கு முன்னால் அலாஸ்காவுக்குத் தரைவழியே கிடையாது. ஜப்பானியர் கடலை அடைத்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தில், அந்த ஆண்டு மார்ச் மாதம் வேலையைத் தொடங்கினார்கள். காடு, சேறு, மலை, உறைந்த மண். ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர்ச் சாலையின் முதல் தடத்தைப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட இராணுவத்தினர் எட்டே மாதங்களில் போட்டு முடித்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பின வீரர்கள். பலர் பருத்தி விளையும் தென்மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். அந்நாளில் கறுப்பருக்கு வேறு படைப்பிரிவு, வெள்ளையருக்கு வேறு படைப்பிரிவு. அலாஸ்காவின் படைத்தலைவராக இருந்த ஜெனரல் பக்னர், கறுப்பின வீரர்கள் அங்கே வருவதை விரும்பவில்லை. அதைக் கடிதத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். இருந்தும் அவர்கள் வந்தார்கள். அனுப்பப்பட்டார்கள் என்பதே சரி. பனிக்காலம் பிறந்த பிறகும் கூடாரத்தில்தான் படுக்கை. இஞ்சினை நிறுத்திவிட்டால் மறுபடியும் கிளப்புவது பெரும்பாடு. ஆகையால் லாரிகளை இரவெல்லாம் ஓடவிட்டார்கள். அக்டோபர் 25-ஆம் தேதி, எல்லைக்கு அருகே பீவர் கிரீக் என்ற இடத்தில், இரண்டு பக்கமிருந்தும் மரங்களைச் சாய்த்துக்கொண்டு வந்த புல்டோசர்கள் எதிரெதிரே சந்தித்தன. ஒன்றை ஓட்டி வந்தவர் ரிஃபைன்ஸ் சிம்ஸ் என்ற கறுப்பர். மற்றதில் ஆல்ஃபிரட் யலுஃப்கா என்ற வெள்ளையர். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். 1948-இல் அதிபர் ட்ரூமன் இராணுவத்தில் இனப்பிரிவினை கூடாது என்று உத்தரவிட்டார். கடல் கடந்து வந்து காட்டை அழித்துச் சாலை போட்டவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, குளிர் உடம்பை என்ன செய்கிறது என்று பார்ப்போம். குளிர் வந்தால் உடம்பு முதலில் நெஞ்சையும் மூளையையும் காப்பாற்றப் பார்க்கும். கை, கால், மூக்கு, காது ஆகியவற்றுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். அதனால் அந்த இடங்கள்தான் முதலில் உறையும். இதைப் பனிக்கடி என்கிறோம். தோல் வெளுத்து, மெழுகு போல் ஆகி, மரத்துப்போகும். வலி இருந்தால்கூட நல்லது. வலி நின்றுபோவதுதான் ஆபத்து. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியில் காற்றும் வீசினால், மூடாத கன்னம் பத்து நிமிடத்துக்குள் உறைந்துவிடும். தன் மூக்கு வெளுத்திருப்பது தனக்குத் தெரியாது. ஆகவே வீரர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் அடிக்கடி பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி.

பனிக்கடி பட்ட இடத்தைப் பனியால் தேய்க்க வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்லி வந்தார்கள். அது தவறு, உறைந்த தசை கிழிந்து போகும். நெருப்பில் காட்டுவதும் கூடாது. மரத்த கைக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். உடல் சூட்டளவுக்கு, அல்லது அதற்குச் சற்றே கூடுதலாக இருக்கும் வெதுவெதுப்பான நீரில் வைத்து, மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். திரும்பவும் உறைய வழியிருந்தால், பாதி வழியில் இளக்குவதே கூடாது. அப்படிச் செய்தால் கேடு கூடும். ஒருவர் நடுங்கி, பிறகு நடுக்கமும் நின்று, பேச்சுக் குழறி, கால் தடுமாறினால், அவருடைய உள்ளுடம்பே குளிர்ந்துவிட்டது என்று பொருள். அது பனிக்கடியையும்விட அவசரம்.

குளிரைவிடப் பெரிய எதிரி ஒன்று இருக்கிறது. அது ஈரம். ஈரத் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும். அந்த ஈரம் மழையிலிருந்து வர வேண்டியதில்லை. அங்கே கடுங்குளிரில் மழை ஏது? தன் வியர்வையே போதும். 1950-ஆம் ஆண்டுக் கடைசியில் கொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் போரில் ஆயிரக்கணக்கான அமெரிக்க வீரர்கள் பனிக்கடிக்கு ஆளானார்கள். நடந்தபோது காலணிக்குள் வியர்த்தது. நின்றபோது அந்த வியர்வை பனிக்கட்டியானது. எதிரியின் குண்டு படாமலே காலை இழந்தவர்கள் உண்டு. அந்தப் பாடத்திலிருந்துதான் ரப்பர் பூட்ஸ் ஒன்றை உருவாக்கினார்கள். உள்ளே ஒரு ரப்பர்ச் சுவர், வெளியே ஒரு ரப்பர்ச் சுவர், நடுவில் கம்பளியும் காற்றும் அடைபட்டுக் கிடக்கும். உள்ளே தண்ணீரே புகுந்தாலும் நடுவிலிருக்கும் கம்பளி நனையாது. அதன் வெள்ளை நிற வகையை அலாஸ்காவில் 'முயல் பூட்ஸ்' என்பார்கள். பார்ப்பதற்கு யானைக்கால் போலத் தடிமனாக இருக்கும். விமானத்தில் ஏறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து வெடிக்காமல் இருக்க, அதன் பக்கத்தில் ஒரு காற்றுத் திருகுகூட உண்டு.

உடை விஷயத்திலும் அப்படித்தான். ஒரே தடித்த சட்டை வேண்டாம். தளர்ந்த மெல்லிய உடுப்புகளை அடுக்கடுக்காகப் போட வேண்டும். அடுக்குகளுக்கு நடுவில் நிற்கும் காற்றுதான் போர்வை. அழுக்குப் பிடித்த துணியில் காற்று நிற்காது. அதனால் துவைத்துப் போட வேண்டும். அணிவகுத்து நடக்கக் கிளம்பும்போது ஓர் அடுக்கைக் கழற்றிவிட்டுச் சற்றுக் குளிரோடு கிளம்பு என்று பயிற்சியில் சொல்கிறார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். கால்மணி நேரம் நடந்த பிறகுதான் புரியும்.

ஃபேர்பேங்க்ஸுக்குத் தெற்கே பிளாக் ரேப்பிட்ஸ் என்ற இடத்தில், வடபுலப் போர்ப் பயிற்சி நிலையம் இதையெல்லாம் கற்றுக்கொடுக்கிறது. சக்கரம் வைத்த வண்டி பனியில் புதையும். ஆகையால் கூடாரத்தையும் அடுப்பையும் 'ஆக்கியோ' என்ற சறுக்கு வண்டியில் ஏற்றி மனிதர்களே இழுக்கிறார்கள். சொல்லும் வண்டியும் பின்லாந்து நாட்டிலிருந்து வந்தவை. தொப்பி ஓரத்தில் விலங்கு ரோமம் வைத்துத் தைப்பது அலாஸ்காவின் பழங்குடி மக்களிடமிருந்து கற்றது. வால்வரின் என்ற விலங்கின் ரோமத்தில் மூச்சுக்காற்றின் பனி ஒட்டிக்கொண்டாலும், தட்டினால் உதிர்ந்துவிடும் என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். 1942-இல் மேஜர் மார்ஸ்டன் என்பவர் அந்த மக்களைத் திரட்டி ஒரு காவற்படை அமைத்தார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் சம்பளமே வாங்காமல் கடற்கரையைக் காத்தார்கள். அவர்களையும் இராணுவ வீரர்களாக ஏற்றுக்கொள்ளும் சட்டம் 2000-ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்குள் பெரும்பாலோர் கண்ணை மூடிவிட்டார்கள்.

பொருள்களும் குளிரில் வேறாகிவிடுகின்றன. இரும்பை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் அந்தக் குளிரிலும் உறையாது; ஆனால் கையில் சிந்தினால் உடனே பனிக்கடி. கார் எண்ணெய் பாகு போல இறுகிவிடும். அதனால் இஞ்சினுக்கு மின்சாரச் சூடேற்றி பொருத்தி, அதன் வயரை முன்பக்கம் தொங்கவிட்டிருப்பார்கள். வண்டி நிறுத்தும் இடங்களில் மின்சார முளைகள் வரிசையாக நிற்கும். மாட்டைக் கட்டுவது போலக் காரைக் கட்டிப் போட வேண்டும்! இரவு நின்ற டயரின் அடிப்பக்கம் தட்டையாகி இறுகிப்போகும். காலையில் கொஞ்ச தூரம் டக்டக்கென்று ஓடும். குளிருக்கென்று செய்யும் டயர்களில் பால்மரத்து ரப்பரைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். செயற்கை ரப்பர் வகைகள் பலவும் இறுகிவிடும் குளிரிலும் நம் மரத்து ரப்பர் நெகிழ்ச்சியோடு இருக்கும். மங்கில் சொட்டும் பால் போய்ச் சேரும் இடங்களில் இதுவும் ஒன்று.

தரைக்குள்ளும் பனிதான். பல இடங்களில் மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. அதன்மேல் நேரடியாக வீடு கட்டினால், வீட்டின் சூட்டில் மண் இளகி வீடு அமிழும். குழாயை வெறுமனே புதைத்தால் நீர் உறைந்து வெடிக்கும். ஆகையால் முகாமில், நிலக்கரி எரிக்கும் நிலையத்திலிருந்து நீராவிக் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் ஒரே சுரங்கவழியில் சேர்த்துக் கொண்டு போகிறார்கள். மிகக் கடுங்குளிர் நாள்களில் கார்ப் புகையிலும் புகைபோக்கியிலும் வரும் ஈரம் அப்படியே பனித்துகளாகி, ஊரை வெள்ளைத் திரை போல் மூடிவிடும்.

இதெல்லாம் பயிற்சியால் வெல்லக்கூடியவை. இருட்டு அப்படியல்ல. டிசம்பர் 21-ஆம் தேதி வாக்கில் அங்கே சூரியன் காலை 11 மணியளவில் எட்டிப் பார்த்து, பிற்பகல் 2.40-க்கெல்லாம் மறைந்துவிடும். வெளிச்சத்துக்குள் வேலைக்குப் போகவும் முடியாது, வீட்டுக்குத் திரும்பவும் முடியாது. நம் வீடுகளில் விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போனவர்களுக்கு இருட்டு புதிதல்ல. ஆனால் ஏழு மணிக்கு விடியும் என்ற நம்பிக்கை நமக்கு இருக்கிறது. வெளிச்சமில்லாமல் பலருக்கு உறக்கம் கெடும், உற்சாகம் குன்றும், எதிலும் மனம் ஒட்டாது. மருத்துவர்கள் இதை நோயாகவே கருதி, காலையில் அரைமணி நேரம் மிகப் பிரகாசமான விளக்கின் முன் உட்காரச் சொல்கிறார்கள். கோடையிலோ நேர்மாறு. ஜூனில் ஏறக்குறைய 22 மணி நேரம் சூரியன். குழந்தைகள் தூங்க மாட்டார்கள். ஜன்னலில் கறுப்புத் துணியோ அலுமினியத் தாளோ ஒட்டித் தூங்க வைக்கிறார்கள்.

சிப்பாய்க்காவது முகாமும் தோழர்களும் உண்டு. கூடப்போன மனைவியின் நிலையை நினைத்துப் பாருங்கள். பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்திருப்பார். கணவர் வாரக்கணக்கில் பயிற்சிக்குப் போய்விடுவார். ஜார்ஜியாவுக்கும் ஃபேர்பேங்க்ஸுக்கும் 4 மணி நேர வித்தியாசம். இங்கே இரவு எட்டு மணிக்கு வேலை ஓய்ந்து தாயிடம் பேசலாம் என்றால், அங்கே நள்ளிரவு. விமானச் செலவு அதிகம். நல்லது கெட்டதற்கு நினைத்தவுடன் ஓடிவிட முடியாது. என்னைக் கேட்டால் இந்த மாற்றலில் கடினமான பணி அந்த அம்மாவுடையதுதான். இராணுவம் பதக்கம் கொடுக்காத பணி.

2021-ஆம் ஆண்டு அலாஸ்காவிலிருந்த வீரர்களிடையே தற்கொலைகள் கவலைப்படும் அளவுக்குக் கூடின. குளிர், இருட்டு, தனிமை, குடி, கடன் என்று பல காரணங்களைப் பேசினார்கள். இராணுவம் 2022-இல் கூடுதலாக மனநல ஆலோசகர்களையும் சமயப் பணியாளர்களையும் அனுப்பியது. ஆலோசகரிடம் போகிறவன் கோழை என்ற பேச்சு எழாதபடி, எல்லா வீரர்களும் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வர ஏற்பாடு செய்தார்கள். அதே ஆண்டு ஜூன் 6-இல், அலாஸ்காவின் படைகளை 11-ஆவது வான்வழிப் படைப்பிரிவு என்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்து, வடபுலக் குளிரில் போரிடத் தெரிந்தவர்களாக இருப்பதே உங்கள் வேலை என்று சொன்னார்கள். எதற்காக இங்கே கிடக்கிறோம் என்று தெரியாமல் குளிரைத் தாங்குவது மிகவும் கடினம் என்பதை அதிகாரிகளே ஒப்புக்கொண்டதுபோல் இருந்தது அது. அந்த ஆண்டு தற்கொலைகள் குறைந்தன. விளக்கைவிட இந்த இரண்டு ஏற்பாடுகளுமே அதிகம் உதவியிருக்கும் என்பது என் எண்ணம்.

அங்கே வெகுநாள் இருந்து பழகியவர்கள் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லும் யோசனை ஒன்றுதான்: கதவைச் சாத்திக்கொண்டு உட்காராதே, வெளியே வா. அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்கள் குளிருக்காக மூடுவதில்லை. சுமார் 29 டிகிரி கீழே போகும்வரை பிள்ளைகளை இடைவேளையில் வெளியே விட்டு விளையாட வைக்கிறார்கள். தூறல் விழுந்தாலே திடலுக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் எங்களுக்கு இது வியப்பாக இருக்கிறது. பனியில் சறுக்குகிறார்கள், உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிக்கிறார்கள், நள்ளிரவில் வானத்தில் பச்சைத் திரையாக அசையும் வடபுல ஒளியைப் பார்க்கப் பிள்ளைகளை எழுப்பிக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

குளிர்காலம் முடிவதற்கும் அங்கே ஒரு கணக்கு உண்டு. ஃபேர்பேங்க்ஸுக்குத் தென்மேற்கே, தனானா ஆற்றங்கரையில் நெனானா என்று ஒரு சிற்றூர். 1917-இல் அங்கே இரயில் பாதை வேலைக்கு வந்தவர்கள், ஆற்றுப் பனி எந்த நாளில் எந்த நிமிடத்தில் உடையும் என்று பந்தயம் கட்டினார்கள். அந்தப் பந்தயம் நூறு ஆண்டுகளைத் தாண்டியும் நடந்து வருகிறது. உறைந்த ஆற்றின்மேல் மரச்சட்டம் ஒன்றை நட்டு, அதிலிருந்து ஒரு கயிற்றைக் கரையிலிருக்கும் கடிகாரத்தில் கட்டிவிடுவார்கள். பனி உடைந்து சட்டம் நகர்ந்ததும் கயிறு இழுபட்டுக் கடிகாரம் நின்றுவிடும். பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே மாத முற்பாதியிலோ அது நடக்கும். 2019-இல் ஏப்ரல் 14-ஆம் தேதியே நின்றுவிட்டது. அதுவரை பதிவானவற்றில் அவ்வளவு சீக்கிரம் உடைந்ததில்லை. பழைய குடிகளும், போன ஆண்டு வந்திறங்கிய சிப்பாய்க் குடும்பங்களும் சீட்டு வாங்கி, ஒரு நாளையும் ஒரு நிமிடத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தக் கடிகாரம் நிற்பதற்காகக் காத்திருக்கிறார்கள்.